நடந்த பிறகு வரும் ஜோசியம்: நாஸ்ட்ரடாமஸும் ஸ்ரீபெரும்புதூரும்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலைக்குள் போனால் பெரும்பாலும் இரண்டு பொருள்கள் கண்ணில் படும். ஒன்று, செக்யூரிட்டி அறையிலோ ஸ்டோர்ஸிலோ தொங்கும் தினக் காலண்டர். மேலே முருகன் படம், கீழே கிழிக்கும் தாள். அந்தத் தாளில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம். அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றைச் சொல்லில் பலன்: லாபம், அலைச்சல், பொறுமை, சுகம். இன்னொன்று, உற்பத்தி லைனின் முனையில் நிற்கும் வெள்ளைப் பலகை. மணிக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் மூன்று கட்டங்கள்: டார்கெட், ஆக்சுவல், காரணம். அறுபது என்று எழுதிய இடத்தில் ஐம்பத்திரண்டு வந்தால், எட்டு எங்கே போயிற்று என்று லைன் லீடர் மூன்றாவது கட்டத்தில் எழுதியாக வேண்டும். ‘மெட்டீரியல் வரவில்லை’, ‘டூல் மாற்றம்’, ‘மெஷின் நின்றது’.

காலண்டர் தாளும் வெள்ளைப் பலகையும் வரப்போகும் பொழுதைப் பற்றித்தான் பேசுகின்றன. பலகையில் எழுதியதை ஒரு மணி நேரத்தில் சரிபார்த்துவிடுகிறோம். காலண்டர் தாளை மறுநாள் காலையில் கிழித்துக் கசக்கிப் போட்டுவிடுகிறோம். நேற்று லாபம் வந்ததா, அலைச்சல் இருந்ததா என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. உலகப் புகழ்பெற்ற ஒரு ஜோதிடரின் பெயர் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்பதற்கும் அந்த மூன்றாவது கட்டம் இல்லாததே காரணம். இக்கட்டுரை அதைத்தான் ஆராய்கிறது.

மருந்துக் கடைக்காரர் தீர்க்கதரிசி ஆன கதை

மிஷேல் தெ நோஸ்த்ரதாம் 1503 டிசம்பரில் தெற்கு பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் செயின்ட் ரெமி என்ற ஊரில் பிறந்தார். முதலில் அவர் செய்த தொழில் மருந்து தயாரிப்பது. 1529இல் மோன்பெல்யே மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். முன்பு மருந்துக் கடைக்காரராக இருந்தவர் என்று தெரிந்ததும் அங்கிருந்து நீக்கப்பட்டார். கைத்தொழில் செய்தவர்களை மருத்துவம் படிக்கவிடாத காலம் அது. 1546இல் எக்ஸ் நகரில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளிடையே வேலை செய்தார். 1550 முதல் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியிடத் தொடங்கினார். அதில் வானிலை, விளைச்சல், அரசர்களின் நிலை பற்றிய பலன்கள் இருந்தன. நன்றாக விற்றது. தம் பெயரை லத்தீன் சாயலில் நாஸ்ட்ரடாமஸ் என்று மாற்றிக்கொண்டதும் அப்போதுதான். நம் ஊர்ப் பஞ்சாங்கக் கணிதர்கள் செய்துவந்த தொழிலுக்கும் இந்தப் பஞ்சாங்கத் தொழிலுக்கும் வெகு தூரமில்லை.

1555இல் லியோன் நகரில் ‘தீர்க்கதரிசனங்கள்’ என்ற அவருடைய நூலின் முதல் பதிப்பு அச்சானது. அதில் 353 நான்கடிப் பாடல்கள் இருந்தன. அவர் 1566இல் இறந்தார். 1568இல் வந்த பதிப்பில் பாடல்கள் 942 ஆகியிருந்தன. இவற்றை நூறு நூறாகத் தொகுத்து ‘செஞ்சுரி’ என்று அழைத்தார்கள். அதை நூற்றாண்டு என்று தவறாகப் புரிந்துகொண்டு எழுதியவர்கள் தமிழிலும் உண்டு. அது பாடல்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் சொல். நம்முடைய ‘சதகம்’ போல. தம் கணிப்புகள் 3797ஆம் ஆண்டு வரை செல்லும் என்று முன்னுரையில் அவரே எழுதினார்.

அந்தப் பாடல்களின் மொழி பிரெஞ்சு. அதோடு லத்தீன், கிரேக்கம், புரோவான்ஸ் வட்டார வழக்கு எல்லாம் கலந்திருக்கும். வரிசை காலமுறைப்படி இல்லை. மிகச் சில பாடல்களில் மட்டுமே ஆண்டு உண்டு. சிங்கம், நெருப்பு, பெரிய நகரம், முதிய தலைவன், வெள்ளம், பஞ்சம் ஆகியவை திரும்பத் திரும்ப வரும். பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நெருப்பும் வெள்ளமும் பஞ்சமும் ஆண்டுதோறும் நடந்தவை.

பொருத்துவது எப்படி

அவர் புகழுக்கு அடித்தளமாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி பிரான்சு மன்னர் இரண்டாம் ஹென்றியின் சாவு. 1559 ஜூன் 30 அன்று குதிரைமேல் ஈட்டி ஏந்தி மோதும் விளையாட்டில் எதிராளியின் உடைந்த ஈட்டி மன்னரின் தலைக்கவசத்துக்குள் பாய்ந்தது. ஜூலை 10 அன்று அவர் இறந்தார். இளஞ்சிங்கம் முதிய சிங்கத்தை வெல்வதாகச் சொல்லும் ஒரு பாடல் இதை முன்பே அறிவித்தது என்கிறார்கள். ஆனால் அந்தப் பாடலையும் மன்னர் சாவையும் இணைக்கும் பேச்சு நாஸ்ட்ரடாமஸ் மறைந்த பிறகுதான் அச்சில் பரவியது. மன்னர் இறந்த பின்னும் ஏழாண்டு உயிரோடிருந்தவர் அவர். அரசி கேதரின் தெ மெதிசியின் ஆதரவும் அவருக்கு இருந்தது. அரசியின் கணவர் சாவைப் பற்றிய கணிப்பு பலித்திருந்தால் அன்றே ஊரறிந்திருக்கும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு ‘ஹிஸ்டர்’ என்ற சொல். இதை ஹிட்லர் என்று படித்தார்கள். ஹிஸ்டர் என்பது டான்யூப் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு ரோமானியர் வைத்த பழைய பெயர். இரண்டாம் உலகப் போரில் நாஜிக்களின் பிரசாரத் துறை இந்தப் பாடல்களைத் தங்களுக்குச் சாதகமாக விளக்க கார்ல் எர்ன்ஸ்ட் கிராஃப்ட் என்ற ஜோதிடரைப் பயன்படுத்தியது. பிரிட்டிஷ் தரப்பு தனக்கேற்ற போலிப் பாடல்களையும் விளக்கங்களையும் பரப்பியது. ஒரே புத்தகம் இரு படைகளுக்கும் வெற்றி சொன்னது.

மூன்றாவது எடுத்துக்காட்டுதான் மிகத் தெளிவானது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, இரு சகோதரர்கள் சிதறுவதையும் மாபெரும் தலைவன் வீழ்வதையும் பாடும் ஒரு பாடல் உலகெங்கும் மின்னஞ்சலில் சுற்றியது. அதை எழுதியவர் நீல் மார்ஷல் என்ற கனடா மாணவர். தெளிவில்லாத வரிகள் எந்த நிகழ்ச்சிக்கும் பொருந்தும் என்று காட்டுவதற்காக 1997இல் அவரே இயற்றிய போலிப் பாடல் அது. பொருந்தும் என்று நிரூபிக்க எழுதிய வரிகள் உண்மையிலேயே பொருத்தப்பட்டன. அந்த வாரங்களில் நாஸ்ட்ரடாமஸ் புத்தகங்கள் விற்பனைப் பட்டியலில் மேலே ஏறின.

இந்தியாவும் விலக்கல்ல. 2016 மார்ச்சில் அப்போதைய மத்திய இணையமைச்சர் கிரண் ரிஜிஜு, பிரதமர் மோடியின் எழுச்சியை நாஸ்ட்ரடாமஸ் முன்பே சொல்லியிருக்கிறார் என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். அந்த 942 பாடல்களில் அந்தப் பெயரும் கிடையாது, 2014 என்ற ஆண்டும் கிடையாது.

இந்த எல்லாக் கதைகளிலும் ஒரே முறைதான். பாடல் எதையும் குறிப்பாகச் சொல்லாது. நிகழ்ச்சி முதலில் நடக்கும். பிறகு ஒருவர் நூலைப் புரட்டி, பொருந்தும் வரியை எடுப்பார். பொருந்தாத நூற்றுக்கணக்கான வரிகள் அப்படியே புத்தகத்துக்குள் தூங்கும். நடப்பதற்கு முன் ஒரு பாடலைக் காட்டி, இந்த நாளில், இந்த ஊரில் இது நடக்கும் என்று சொன்னவர்கள் திரும்பத் திரும்பத் தோற்றார்கள். 1999இல் வானத்திலிருந்து பயங்கர மன்னன் வருவான் என்று ஒரு பாடல் ஆண்டோடு சொல்கிறது. ஜப்பானில் கோதோ பென் 1973இல் எழுதிய நூல் வழியாக அது ஒரு தலைமுறையையே அச்சுறுத்தியது. 1999 வந்தது, போனது. நாஸ்ட்ரடாமஸின் பெயர் மட்டும் தேயவில்லை.

ஸ்ரீபெரும்புதூரின் சொந்த முன்னறிவிப்பு

தொழிற்சாலைகள் வருவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு முன்னறிவிப்பு மரபு உண்டு. 1017இல், சித்திரைத் திருவாதிரையில், ராமானுஜர் பிறந்த ஊர் இது. இங்குள்ள ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருடைய ‘தானுகந்த திருமேனி’ இருக்கிறது. சித்திரைத் திருவிழாவின்போது ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி யூனிஃபார்மோடு கும்பிட வருகிறவர்களைக் கோயில் வாசலில் பார்க்கலாம்.

ராமானுஜர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே அவர் வரவை நம்மாழ்வார் அறிவித்தார் என்பது வைணவ மரபின் நம்பிக்கை. வரலாற்றாய்வாளர்கள் நம்மாழ்வாரை எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் வைக்கிறார்கள். வரப்போகும் ஆசாரியரின் திருமேனியை நம்மாழ்வாரே காட்டியருளினார் என்கிறது குருபரம்பரை. ‘பவிஷ்யதாசாரியர்’ என்று பெயர் பெற்ற அந்தத் திருமேனிக்கு இன்றும் ஆழ்வார்திருநகரியில் தனிச் சந்நிதி இருக்கிறது. திருவாய்மொழியின் ஐந்தாம் பத்தில் இரண்டாம் பதிகத்தையும் ராமானுஜர் வரவைச் சொல்வதாகவே உரை மரபு படிக்கிறது. அடியார் கூட்டம் உலகில் பெருகுவதைக் கண்டு ஆழ்வார் மகிழும் பதிகம் அது. அதில் ஒருவர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை.

இதையும் நாஸ்ட்ரடாமஸையும் ஒரே தராசில் வைக்கலாமா? வாசிக்கும் முறையில் ஓர் ஒற்றுமை உண்டு: பின்னால் நடந்ததைக் கொண்டு முன்னால் எழுதியதன் பொருள் நிறைகிறது. பயனில் இரண்டும் வேறு. அந்தப் பதிகத்தை அப்படிப் படித்த அடியார் எவரும் அதை வைத்துப் பங்குச் சந்தையில் பணம் போடவில்லை; போர் எப்போது வரும் என்று நாள் குறிக்கவில்லை. தங்கள் குருவை ஒரு நீண்ட வரிசையில் வைத்து வணங்குவதற்கான மொழி அவர்களுக்கு அது. நம்பிக்கை உலகத்தில் இந்த வாசிப்புக்கு இடம் உண்டு. அதே வாசிப்பைக் கொண்டு ஊரைக் காலி செய்யலாமா, ஏரியைத் திறக்கலாமா, வேலையை நம்பிக் கடன் வாங்கலாமா என்று முடிவெடுத்தால்தான் ஆபத்து தொடங்குகிறது.

சோதித்துப் பார்த்தவர்கள்

ஜோதிடத்துக்கு மூன்றாவது கட்டம் போட்டுப் பார்த்தவர்கள் இந்தியாவில் உண்டு. வானியலாளர் ஜெயந்த் நார்லிகர், புள்ளியியலாளர் சுதாகர் குண்டே, மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை எதிர்ப்பு இயக்கம் நடத்திய நரேந்திர தபோல்கர், ஜோதிடத்தைக் கற்று பின்னர் அதை விமர்சித்த பிரகாஷ் காட்பாண்டே ஆகியோர் புனேயில் ஒரு சோதனை நடத்தி, 2009இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். அதற்காக 200 ஜாதகங்களைத் திரட்டினார்கள். 100 ஜாதகங்கள் படிப்பில் சிறந்த குழந்தைகளுடையவை, 100 மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுடையவை. ஒவ்வொரு ஜோதிடருக்கும் கலந்து எடுத்த 40 ஜாதகங்கள் தரப்பட்டன. எது எந்த வகை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். விடை அனுப்பிய 27 பேரின் சராசரி வெற்றி சுமார் 46 சதவீதம். காசு சுண்டினால் 50 கிடைக்கும். 200 ஜாதகங்களையும் எடுத்துப் பார்த்த ஒரு ஜோதிட நிறுவனம் 102ஐச் சரியாகச் சொன்னது.

இவர்களில் தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். கேள்வி கேட்பதற்கு இந்த நாட்டில் என்ன விலை என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சோதனை இப்படிச் சொல்ல, நேரில் போனவர்கள் ‘என் அப்பா பெயரையே சொல்லிவிட்டார்’ என்கிறார்களே? வைத்தீஸ்வரன்கோயில் நாடி ஜோதிடத்தில் இதன் விடை இருக்கிறது. ஆண்களுக்கு வலது கட்டைவிரல், பெண்களுக்கு இடது. ரேகையை வாங்கி, அதற்குரிய ஓலைக் கட்டை எடுத்துவந்து, ஒவ்வொரு ஓலையாகப் படிப்பார்கள். ‘உங்களுடன் பிறந்தவர்கள் மூவரா?’, ‘தந்தை அரசு உத்தியோகமா?’, ‘தாய் பெயர் ஒரு தெய்வத்தின் பெயரா?’ வந்தவர் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். இல்லை என்றால் அடுத்த ஓலை. ‘ஆமாம்’ என்ற பதில்கள் சேரச் சேர ஒரு மனிதரின் வாழ்க்கை மேசைக்கு வந்துவிடுகிறது. கடைசியில் அவரே கொடுத்த விவரங்கள் அவருக்கே வாசிக்கப்படுகின்றன. மனம் நினைவில் வைப்பதோ பொருந்திய ஓலையை. ‘இல்லை’ என்று ஒதுக்கிய ஓலைகள் மறந்துபோகும். நாஸ்ட்ரடாமஸின் பொருந்தாத பாடல்களுக்கு நேர்ந்ததும் இதுவே.

செம்பரம்பாக்கம்: முன்கூட்டித் தெரிந்தால் என்ன செய்வோம்

முன்னறிவிப்பின் உண்மையான சோதனை 2015 டிசம்பர் 1 அன்று இந்தத் தொழில் வட்டாரத்தின் தலைமாட்டில் நடந்தது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்கு வருகிறது. ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நவம்பர் மழையில் ஏரிகள் நிறைந்திருந்தன. மறுநாள் காலை முடிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. வழியில் சேர்ந்த மற்ற ஏரிகளின் நீரோடு அடையாறு கரை கடந்தது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மூழ்கின. கார் தொழிற்சாலைகள் உற்பத்தியை நிறுத்தின. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவர் 2018இல் தாக்கல் செய்த அறிக்கை இதை மனிதனால் நேர்ந்த பேரிடர் என்றது. விதிமுறைப்படியே நீர் திறந்ததாக அரசு சொன்னது.

வெள்ளம் வடிந்ததும் பஞ்சாங்கப் பக்கங்களின் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. கார்த்திகையில் பெருமழை என்று முன்பே போட்டிருந்தது என்றார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. வங்கக் கடலில் புயல்கள் அதிகம் உருவாகும் மாதங்களும் அவையே. கார்த்திகையில் சென்னையில் மழை என்று ஆண்டுதோறும் அச்சிட்டால் பல ஆண்டுகளில் பலிக்கத்தான் செய்யும்.

ஏரியின் மதகில் நின்ற பொறியாளருக்குத் தேவைப்பட்டது வேறு வகை அறிவிப்பு. எத்தனை செ.மீ. மழை, எத்தனை மணிக்குள், அது வரும் முன் ஏரியில் எவ்வளவு இடம் காலி செய்ய வேண்டும்? இந்தக் கேள்விகளுக்குத் தவறாகப் பதில் சொன்னால் ஊர் மூழ்கும், அல்லது கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவிக்கும். தவறினால் யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்கும். தணிக்கை அறிக்கை கேட்டது அதைத்தான். நாஸ்ட்ரடாமஸைத் தணிக்கை செய்ய எந்த அலுவலகமும் இல்லை. செம்பரம்பாக்கத்தைத் தணிக்கை செய்ய முடிந்தது. அந்தத் தணிக்கை எவ்வளவு கசப்பாக இருந்தாலும், அடுத்த மழைக்கு நம்மைத் தயார் செய்யக்கூடியது அது மட்டுமே.

வேலை என்னும் முன்னறிவிப்பு

இந்த வட்டாரத்தில் ஆண்டுதோறும் உரக்கச் சொல்லப்படும் முன்னறிவிப்பு வேலைவாய்ப்பு. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் கால்பதித்த ஹூண்டாய் 1998இல் சான்ட்ரோ காரை வெளியிட்டது, இன்றும் நிற்கிறது. நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் நேரடித் தொழிலாளர்கள் மட்டும் சுமார் 8,000 பேர். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த பெண்கள். ஸ்ரீபெரும்புதூர் என்றால் இனி நோக்கியா என்று பேசிய காலம் அது. 2013இல் வருமான வரித் துறையுடன் தகராறு வந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, அந்த வரி வழக்கால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை கைமாறவில்லை. ஆர்டர் நின்றது. 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது.

அந்த எட்டாண்டுக்குள் எத்தனை வீட்டில் அந்தச் சம்பளத்தை நம்பித் தங்கை கல்யாணத்துக்குக் கடன் வாங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் யாரும் ஜோசியம் கேட்டு ஏமாறவில்லை. அரசும் நிறுவனமும் சொன்ன எதிர்காலத்தை நம்பினார்கள். பின்னர் அதே ஆலை வளாகத்தை சால்காம்ப் எடுத்துக்கொண்டது. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் தயாரிக்கத் தொடங்கியது. ஊருக்கு வேலை திரும்பி வந்தது. 2014இல் முப்பதைத் தொட்டிருந்த பெண்ணுக்கு, இருபது வயதினரையே தேடும் லைனில், அது திரும்பி வந்ததா என்பதை எந்த அறிவிப்பும் சொல்லவில்லை.

2024 ஜனவரி 7, 8 தேதிகளில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள், சுமார் 26.9 லட்சம் வேலைகள் என்று அறிவித்தார்கள். இதை நான் பாராட்டுகிறேன். காரணம், இதில் எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. சரிபார்க்க முடிந்த முன்னறிவிப்பு இது. சரிபார்க்கிறோமா என்பதே கேள்வி. டார்கெட் பலகையில் பெரிய எழுத்தில் நிற்கிறது. ஆக்சுவல் கட்டத்தையும் காரணக் கட்டத்தையும் அரசு ஆண்டுதோறும் வட்டம் வாரியாக நிரப்பி மக்கள் முன் வைக்க வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் கான்ட்ராக்ட், எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின்னும் வேலையில் இருக்கிறார்கள். ஒரகடத்தில் லைன் லீடர் மணிக்கொரு முறை செய்வதை, கோட்டை ஆண்டுக்கொரு முறை செய்யட்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பேரிடருக்குப் பிறகு ‘இதை அன்றே சொல்லியிருந்தார்’ என்று ஒரு செய்தி உங்கள் கைபேசிக்கு வந்தால், அதை அனுப்பியவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அது எந்தத் தேதியில் எழுதியது? அந்தத் தேதியில் ஊரும் நாளும் குறிப்பிட்டிருந்ததா? என்ன நடந்திருந்தால் அது பொய்யாகியிருக்கும்? நாளை காலை தினக் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது கசக்கிப் போடாதீர்கள். அதன் பின்பக்கத்தில், உங்கள் ராசிக்குப் போட்டிருந்த ஒற்றைச் சொல்லுக்கு எதிரே, அன்று உண்மையில் நடந்ததை எழுதி ஒரு டப்பாவில் போட்டுவாருங்கள். முப்பது நாள் கழித்து முப்பது தாளையும் எடுத்து எண்ணிப் பாருங்கள்.